மொழிபெயர்க்காத அழுகை

முதலில் வாய்தான் திறந்தது. சத்தம் அதற்குப் பிறகு வந்தது.

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் போர்வை மேல் கோடு கோடாகப் போட்டிருந்தது. அறையில் மருந்து சோப்பு வாசனையும், பவுடர் வாசனையும், எவ்வளவு கழுவினாலும் போகாத இன்னொரு வாசனையும் கலந்து நின்றன. அப்பாவை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் புரட்டுவதற்காக அவள் ஒரு கையை அவர் தோளுக்கடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்தாள். அவர் முகம் சுருங்கியது. உதடுகள் ஒரு பக்கமாகக் கோணிப் பிரிந்தன. அப்புறம்தான், கண் சிமிட்டும் நேரம் கழித்து, அந்த மெல்லிய அழுகை அவள் காதில் விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்கு அதுதான் பிழைப்பு. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறவள் அவள். திரையில் உதடு எப்போது பிரிகிறது, எப்போது ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போனவள். பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று பேசினால்கூட அவர் சொல்வது மனதில் ஏறாது. சத்தம் உதட்டோடு ஒட்டுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் கண்ணுக்கு, பெற்ற அப்பாவின் வாயும் சத்தமும் விலகி நிற்பது தெரியாமல் போகுமா?

தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மறுபடி பார்ப்பதென்றால் அவரை மறுபடி நோகச் செய்ய வேண்டும். அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்கு உடம்பு கூசியது. அந்தக் கூச்சம் புதிதும் இல்லை. ஒரு வாரமாகவே அது அவளோடு சேர்ந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

போன வாரம்தான் ஒரு புதுத் தொடரின் வசனத்தாள் அவள் கைக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதாநாயகி. அதுவரை அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அழுகைதான். கூட்டத்தில் ஒருத்தி அழ வேண்டுமா, சாவு வீட்டில் பின்னாலிருந்து ஒரு கேவல் வேண்டுமா, பிரசவ அறையில் ஒரு அலறல் வேண்டுமா, கூப்பிடு அவளை. ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயரே அழுமூஞ்சி. கிண்டலாகத்தான் வைத்தார்கள், நாளடைவில் மரியாதையும் சேர்ந்துகொண்டு அழுமூஞ்சி அக்கா ஆகிவிட்டது. பேசுகிற பாத்திரம் ஏதாவது கேட்டால், "உனக்கு நீலிக் கண்ணீர்தாம்மா பொருத்தம்" என்று டப்பிங் டைரக்டர் சிரிப்பார்.

இந்த முறை அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். நிலவறையில் அடைத்து வைக்கப்பட்ட ஒருத்தியின் கதை. ஆசை ஆசையாகத் தாளைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் அவளுக்கு வசனமே இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. கதாநாயகி வருகிற இடத்திலெல்லாம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான் இருந்தது. விம்பர்.

இந்தத் தொழிலில் அது வழக்கம்தான். எழுதுகிறவர் வசனத்தை மட்டும்தான் தமிழாக்குவார். அழுகை, சிரிப்பு, இருமல், பெருமூச்சு எல்லாம் மூலத்தில் இருந்தபடி ஆங்கிலத்திலேயே கிடக்கும். குரல் கொடுக்கிறவர்களுக்குத் தெரியாதா என்று அழுகையை அப்படியே விட்டுவிடுவார்கள். அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது. அழுமூஞ்சிக்கே ஒரு அழுகை தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? மெல்ல அழுவதாகத்தான் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு, மைக் முன்னால் நின்று தேம்பினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் கையை ஆட்டினார்.

"என்னம்மா இது, கல்யாணம் நின்னு போன மாதிரி அழற?"

"இன்னும் மெதுவா பண்ணவா சார்?"

"மெதுவா வேகமாங்கறதில்ல விஷயம். தேம்புறவ யாராவது வந்து தேத்தணும்னு அழறா. விம்பர் அப்படி இல்ல. நாயை உதைச்சா கத்தும். உதைச்சவன் திரும்பி வரும்போது ஒரு சத்தம் போடும் பாரு, தொண்டைக்குள்ளேயே வச்சுக்கிட்டு? அதுதான் விம்பர். அழத் தெம்பில்ல, அழாம இருக்கவும் முடியல. யாராவது வரமாட்டாங்களான்னும் இருக்கு, வந்துடுவாங்களோன்னும் இருக்கு. அதைக் கொண்டா."

அவள் முனகினாள். காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறது என்றார். சிணுங்கினாள். "மிட்டாய் கேக்கறியா?" என்றார். விசும்பினாள், கேவினாள், தனக்குத் தெரிந்த அழுகையையெல்லாம் வரிசையாக எடுத்துக் கடைபரப்பினாள். சவுண்டு இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் டைரக்டர் சலிப்போடு சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். வரலேன்னா அந்தப் புதுப் பொண்ணுகிட்ட குடுத்துடறேன். கோவிச்சுக்காத."

பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அகராதியைத் தேடினாள். சிணுங்கு, முனகு, தீனமாக அழு என்று போட்டிருந்தது. கீழே உதாரணங்கள். குளிரில் குழந்தை விம்பர் செய்தது. கட்டிப்போட்ட நாய்க்குட்டி கதவருகே விம்பர் செய்தது. இன்னொரு பிரயோகமும் இருந்தது: ஒரு விம்பர்கூட இல்லாமல் என்றால், எதிர்ப்பே காட்டாமல் அடங்கிப்போவது. வளர்ந்த மனிதர்கள் யாருமே அந்த உதாரணங்களில் இல்லை. புத்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொண்டைக்குத்தான் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அப்பாவின் அழுகை கேட்டது. அதுதான் அந்தச் சொல். தேடித் திரிந்ததை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்திருக்கிறாள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். விசில் ஊதாமலேயே மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவனை நிறுத்திய தொண்டை அது. சிரிக்கிற பொம்பளையையும் அழுகிற ஆம்பளையையும் நம்பாதே என்று பழமொழி பேசிக்கொண்டு திரிந்தவர். அம்மா செத்த அன்றைக்குக்கூட வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து படுத்த பிறகு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, அவர் பேச்சு அந்த ஒரு சத்தத்தில் வந்து நின்றது. முதுகில் படுக்கைப் புண். ஒரே பக்கமாகக் கிடந்தால் எரியும்; அழுவார். திருப்பிப் போட்டால் நிறுத்துவார். வா, என்னைத் திருப்பு. அவருக்கு மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாம்மா வந்து போனாள். மற்ற நேரமெல்லாம் மகள்தான். அந்தச் சத்தம் கேட்டால் கால்கள் அவளைக் கேட்காமலேயே ஓடும்.

அன்று கால்கள் ஓடவில்லை. ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக, அறைக் கதவுக்கு வெளியே சுவரோரம் நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூக்கில் தொடங்கி, தொண்டையில் தடுக்கி, உதட்டுக்கு வருவதற்குள் பயந்து திரும்பிப் போகிற சத்தம். முன்பல் விழுந்த இடத்தில் காற்று கசிகிற சின்ன விசில். நடுவில் ஒரு நிறுத்தம். காலடி கேட்கிறதா என்று பார்க்கிற நிறுத்தம். பிறகு மறுபடி, முன்னைவிடச் சின்னதாக. அவள் அவரோடு சேர்ந்து மூச்சிழுத்தாள். அவரோடு சேர்ந்து விட்டாள். வாசற்கதவின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மகள் வந்துவிட்டாள் என்று கொஞ்சம் பலமாக அழுதார். அவள் அசையவில்லை. யாரும் வரவில்லை என்றதும் அழுகை மெல்ல இறங்கியது. அந்த இறக்கம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

உள்ளே போனபோது தலையணை நனைந்திருந்தது. அவர் கண்ணைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"வந்துட்டேம்பா. பஸ் லேட்டு" என்றாள்.

இப்படியும் ஒரு பொய்யா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாள் கால் வலிக்கிறதென்று கதவோரம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அந்த வீட்டில் அழுதது அப்பா, பால் குடித்தது அவள்.

வெள்ளிக்கிழமை மைக் முன்னால் நின்று அதைச் செய்தாள். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் எழுந்து நின்றிருந்தார். இன்ஜினியர் சிலிர்த்துப்போன தன் முன்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கேர்ந்தும்மா புடிச்சே இதை?"

"சும்மா... யோசிச்சுப் பார்த்தேன் சார்."

கைதட்டினார்கள். அவளுக்கு முகம் சுட்டது. பெருமையில் சிவந்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பிடுங்கித் தின்றது வெட்கம். திருட்டு நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவளிடம் எல்லாரும் நகை அழகாக இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"திங்கக்கிழமை பெரிய சீன்" என்றார் டைரக்டர். "உதைச்சவன் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வர்றான். இதே சத்தந்தான். ஆனா பயம் வேணும். இப்ப வலி மட்டும்தான் இருக்கு."

மறுநாள், சனிக்கிழமை காலையில்தான் அப்பாவின் சத்தம் வாயைவிட்டுப் பிந்தத் தொடங்கியது.

மத்தியானம் திருப்பும்போது வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் உதட்டையே பார்த்தாள். இடைவெளி கூடியிருந்தது. அவர் வாய் மூடிய பிறகு சத்தம் வந்தது. சாயங்காலம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்து விட்டு, சமையலறைக்கு வந்து பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிய பிறகுதான் அந்த அழுகை கேட்டது. அறையிலிருந்து இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், முக்காலி கிடந்த இடத்திலிருந்து.

திரும்பிப் பார்த்தாள். முக்காலிதான் இருந்தது. அதன் நிழல் சுவரில் பாதியும் தரையில் பாதியுமாக மடிந்து கிடந்தது. அறைக்குப் போய்ப் பார்த்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வீடு முழுக்கப் பரவியது. முக்காலியை எடுத்துக் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தினாள். அப்போதும் அவளுக்கு முதலில் தோன்றியது பயம் இல்லை. இப்படியே போனால் திங்கட்கிழமைக்கு என்ன செய்வது என்றுதான் தோன்றியது. தன்னை நினைத்துத் தானே அருவருத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. அப்பாவை ஒருக்களித்து வைத்துவிட்டு, பழைய விரிப்பை உருவினாள். கட்டுக்கு மேலே புண்ணின் ஈரம் கசிந்திருந்தது. விரிப்பு சுருங்கியிருக்கிறது, நீவி விடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முழங்கையை அந்த இடத்தில் வைத்தாள். பட்டது என்று சொல்ல முடியாது. வைத்தாள்.

அழுத்தினாள்.

அவர் கண்கள் மெல்லத் திரும்பி அவள் மேல் நின்றன. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பற்றி உலகத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். கிள்ளப்பட்ட பிள்ளை, கிள்ளிய முகத்தைப் பார்க்கிற பார்வையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதில் கோபம் இல்லை. அடையாளம் தெரிந்துகொண்டது மட்டும் இருந்தது. அவள்தான் இது என்று.

வாய் திறந்தது. முழுவதுமாகத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நாக்கு நடுங்கியது.

அவள் காத்திருந்தாள். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. தெருவில் ஒரு கார் போனது. அவர் வாய் மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடியது. டிவியில் ஒலியை அமுக்கிவிட்டுப் பார்ப்பது போல, அழுகை நடந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"அப்பா? அப்பா, என்னை மன்னிச்சிடுங்கப்பா."

கட்டை மாற்றினாள், மருந்து போட்டாள், திருப்பிப் படுக்க வைத்தாள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள். அழும்போதே அவள் காது மட்டும் தனியாக நின்று, சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவளால் முடியவில்லை.

திங்கட்கிழமை ஸ்டூடியோவில் விளக்கை அணைத்தார்கள். பட்டப்பகலிலும் அந்தக் கண்ணாடி அறைக்குள் இருட்டுதான். சுவரெல்லாம் பஞ்சு பொதிந்த துணி. பழைய மூச்சுகளின் வாசனை அதில் ஊறியிருக்கும். திரையில் அந்தப் பெண் மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள். கதவுக்கு வெளியே காலடி. தாழ்ப்பாள் நகர்கிறது. குரல் எழுப்ப வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. அவள் உதட்டை நனைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஹெட்போனில் அந்தச் சத்தம் கேட்டது.

திரையில் இருந்தவளின் உதடு அதே கணத்தில் பிரிந்தது. இம்மிகூட விலகல் இல்லை. மூக்கில் தொடங்கி, தொண்டையில் தடுக்கி, பயந்து திரும்பிப் போகிற சத்தம். நடுவில் நிறுத்தம். முன்பல் இடுக்கில் கசியும் விசில். மைக் முன்னால் நின்றவளுக்கு முன்பற்கள் எல்லாம் இருந்தன. அவள் வாய் மூடியிருந்தது. ஆனால் நெஞ்சுக்கூடு அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கற்றுக்கொண்ட நகல் இல்லை அது. அசல்.

"அக்கா, நீங்க வாயே தொறக்கலையே?" இன்ஜினியரின் குரல் குறுக்கிட்டது.

"யோவ், நிறுத்தாத! ஓடட்டும்!" டைரக்டர் கத்தினார்.

ஓடியது. காட்சி முடிகிற வரை ஓடியது. பயம் வேண்டும் என்று கேட்டாரே, இருந்தது. முழங்கை அழுந்தும்போது வந்திருக்க வேண்டிய அழுகை அது. நேற்றைக்கே வந்திருக்க வேண்டியது. விளக்கைப் போட்டதும் டைரக்டர் உள்ளே வந்து அவள் தலையில் கைவைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அழுமூஞ்சி என்று இனிமேல் எவனும் கூப்பிடக் கூடாது என்று எல்லாருக்கும் உத்தரவு போட்டார். அவளுக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் அது மறுபடி எழும்பியது. எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று தண்ணீரை மடமடவென்று குடித்து, மூச்சைப் பிடித்து, அதை உள்ளே அமுக்கி வைத்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. விட்டுவிட்டாள். அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ஒவ்வொரு மூச்சு வெளியே வரும்போதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தமும் வந்தது. துப்பட்டாவால் வாயைப் பொத்தினாள். முன் இருக்கைக்காரர்கள் திரும்பினார்கள். பக்கத்து இருக்கைப் பெண்மணி, "என்னம்மா, வீட்டுல ஏதாவது...?" என்று இழுத்தாள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆயாம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"சீக்கிரம் வந்துட்டியா, நல்லதாப் போச்சு. ஐயா இன்னிக்கு ரொம்பச் சமத்தும்மா. ஒரு சத்தமில்ல."

"எப்ப... திருப்பினீங்க?"

"எங்க திருப்பினேன்? அழுதா திருப்பலாம்னு பாத்தேன், அழவே இல்ல. சரி, நல்லாத் தூங்கறாருன்னு விட்டுட்டேன்."

"காலைலேர்ந்து ஒரே பக்கமாவா?"

"அழலியேம்மா." ஆயாம்மாவின் குரலில் லேசான மனத்தாங்கல். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "மத்தியானந்தான் கொஞ்சம் பயந்துட்டேன். நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ பாத்தா ஐயாவுக்கு மூச்சே காணோம். ஓடிப்போய் உலுக்கறதுக்குள்ள தானா வந்துடுச்சு" என்றாள். மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ ஏம்மா அழற?"

"அழல."

"சரி, சரி. பெத்தவர் இப்படிக் கெடந்தா யாருக்குத்தான் அழுகை வராது? உன்ன மாதிரி பொண்ணு கெடைக்க ஐயா குடுத்து வச்சிருக்கணும்."

கன்னத்தைத் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். தொட்ட இடம் எரிந்தது. நில்லுங்கள் என்று கூப்பிட வாயைத் திறந்தாள். வந்தது கூப்பாடு இல்லை, அந்தச் சத்தம்தான். கீழே வாசற்கதவு சாத்திக்கொண்டது.

அறைக்குள் போனாள்.

அப்பா காலையில் அவள் விட்டுப்போன அதே பக்கமாகக் கிடந்தார். விரிப்பில் ஈரம் படர்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. வாய் அசைந்துகொண்டிருந்தது.

அவள் நெஞ்சு விம்மியது. சத்தம் வந்தது. அவர் உதடுகள் பிரிந்தன.

சத்தம் தடுக்கியது. உதடுகள் நின்றன.

மறுபடி வந்தது. மறுபடி பிரிந்தன.

பிசகே இல்லை. தொழிலில் இப்படி ஒரு பொருத்தத்தை அவள் பார்த்ததே இல்லை.

முதலில் அவரைத் திருப்பினாள். அது ஒன்றுதான் செய்யத் தெரிந்தது. பிறகு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். போதும் என்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தினாள். மூச்சைப் பிடித்தாள். சத்தம் நின்றது.

அப்பாவின் மார்பு நின்றது.

மேலே ஏறியது கீழே இறங்கவில்லை. நகக்கண்களில் நீலம் ஏறியது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன.

கையை எடுத்தாள். சத்தம் பீறிட்டது. மார்பு இறங்கியது. ஏறியது.

இல்லை. தற்செயல். இன்னொரு தடவை பொத்தினாள்.

நின்றது.

எடுத்தாள். ஏறியது.

அதற்கு மேல் சோதித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மத்தியானம் ஸ்டூடியோவில் தண்ணீர் குடித்தது நினைவுக்கு வந்தது. ஆயாம்மா சொன்னதும் நினைவுக்கு வந்தது. இப்போது அவள் அழுதாள். தன் அழுகை இல்லை. தன் அழுகைக்கு இடமே இல்லை. தொண்டை முழுக்க அவருடையது.

போன் அடித்தது. வெளியூரில் இருக்கிற அண்ணன். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, எப்படி இருக்கே?"

பதிலுக்கு அந்தச் சத்தம்தான் போனது.

"அப்பாவா?" அண்ணனின் குரல் தணிந்தது. "இன்னும் அதே மாதிரிதான் அழறாரா, பாவம்? கேக்கவே முடியலம்மா. நீ பக்கத்துலதான இருக்கே?"

ஒரே ஒரு சொல். வா. அவ்வளவு போதும். சொல்ல வேண்டுமென்றால் சத்தத்தை நிறுத்த வேண்டும். மூச்சை அடக்கினாள். வகரத்துக்குப் பல்லை உதட்டில் வைத்தாள். கட்டிலில் அப்பாவின் கை விரிப்பைப் பற்றியது. விட்டுவிட்டாள்.

"சரி சரி, நீ போய்ப் பாரு அவர. முதல்ல திருப்பிப் போடு. நான் அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிடலாம். யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். எல்லாரும் கேட்பார்கள். எல்லாரும் பாவம் என்பார்கள்.

வெயில் இறங்கியது. அறை பழுப்பாகி, பிறகு சாம்பலாகியது. விளக்குப் போட எழுந்திருக்கவில்லை. சத்தம் சின்னதாகிக்கொண்டே வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தொண்டையில் ரத்தத்தின் ருசி. நடுவில் வருகிற அந்த நிறுத்தத்தில், படியில் யாராவது ஏறி வருகிறார்களா என்று கேட்டாள். யாரும் வரவில்லை.

கைக்கு எட்டுகிற தூரத்தில், மேசை மேல், அப்பாவுக்காக ஆயாம்மா வைத்துவிட்டுப் போன தண்ணீர் டம்ளர் இருந்தது. ஒரு மடக்குப் போதும். ஒரு மடக்கு விழுங்குகிற நேரம்தான் சத்தம் நிற்கும்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.